மரம் ஏற்றும் ரயில் மாடல்: சனிக்கிழமை கூடுகிறோம்

அனைவருக்கும் வணக்கம்.

வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு வீடியோ அழைப்பில் சந்திப்போம். ஷே இன்ஜின் (மலைக்காடுகளில் மரம் இழுத்த, பல்சக்கரங்களால் ஓடும் நீராவி இன்ஜின்) கிட்டைப் பொருத்த ஆரம்பிக்கிறோம்; அப்புறம் அவரவர் வீட்டு ரயில் பாதைக்கான திட்டம். அதற்குள் செய்ய வேண்டியவையும், பொருத்தும்போது கவனிக்க வேண்டியவையும்:

1. பாகங்களைப் பட்டியலோடு சரிபாருங்கள். குறைந்தால் இப்போதே சொல்லுங்கள்.

2. ஷேயில் சிலிண்டர்கள் வலப்பக்கம் நிமிர்ந்து நிற்கும். அந்த எடைக்கு ஈடாக பாய்லர் இடப்பக்கம் தள்ளியிருக்கும். கோணலாகத் தெரிகிறதே என்று நடுவில் வைத்து ஒட்டிவிட வேண்டாம், நிஜ இன்ஜினே அப்படித்தான்.

3. சக்கரங்களைச் சுழற்றும் பக்கவாட்டுத் தண்டிலும் பல்சக்கரங்களிலும் பசை துளிகூடப் படக்கூடாது. ஒவ்வொரு போகியையும் (இன்ஜினுக்கு அடியில் உள்ள சக்கரத் தொகுதி) மாட்டியதும் விரலால் உருட்டிப் பாருங்கள். எங்காவது இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். பெயின்ட் அடித்த பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

4. அறையை அளந்து, கதவு திறக்கும் பக்கத்தையும் குறித்து, ஒரு கோட்டுப்படம் அனுப்புங்கள்.

5. ஏற்றத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மேற்கு வர்ஜீனியாவின் காஸ் மலைப்பாதையில் ஷே 11 சதவீத ஏற்றமே ஏறுகிறது. நமக்கு 4 சதவீதம் போதும் என்பது என் கருத்து. அதாவது மீட்டருக்கு 4 செ.மீ. ஒரு பாதை இன்னொன்றின் மேல் 10 செ.மீ. உயரத்தில் கடக்க 2.5 மீட்டர் நீளம் தேவை. சின்ன அறை என்றால் இதை முதலில் பாருங்கள்.

வருகிறீர்களா, உங்கள் மாடல் எச்ஓ அளவா (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) வேறா என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். கோட்டுப்படம் வெள்ளிக்குள் வந்தால் போதும்.