நிக்கல்-78ஐ முன்வைத்து அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

அணுக்கருக்களின் அரை ஆயுளை, அதாவது அவற்றில் பாதி சிதைய ஆகும் நேரத்தை, கணக்கிட்டுத் தரும் நம் அட்டவணையை வெளியிட முடிவு செய்துவிட்டேன். ஆசிரியர் வரிசையில் உங்கள் பெயரும் இருக்கிறது. கேட்டால் மறுப்பீர்கள் என்று தெரிந்ததால் முன்கூட்டியே கேட்கவில்லை. பழைய குழுவினரும் இதைப் படிப்பார்கள். அன்று யார் என்ன சொன்னார்கள் என்பதற்குள் நான் போகப்போவதில்லை.

ஆனால் அந்த மாலையைப் பேசாமல் இருக்க முடியவில்லை. 2014இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்திலிருந்து நியூட்ரான் மிகுந்த நிக்கல்-78 அணுக்கருவின் அரை ஆயுள் வந்திருந்தது: 122 மில்லி விநாடி. 2005இல் கிடைத்த 110ஐவிட மிகத் துல்லியமான அளவீடு. முந்தைய கணக்கீடுகளில் சில அதைப் பல மடங்கு நீட்டிச் சொல்லியிருந்தன. நம்முடையது கிட்டத்தட்டப் பொருந்தியது. எல்லோரும் மகிழ்ந்துகொண்டிருந்தபோது நீங்கள் ஒன்றும் பேசாமல், காமோவ்-டெல்லர் வலிமை, அதாவது பீட்டா சிதைவு சேய் அணுக்கருவின் ஒவ்வொரு நிலைக்கும் போகும் வாய்ப்பின் அளவு, எந்தெந்த ஆற்றலில் விழுந்திருக்கிறது என்ற வரைபடத்தைத் திறந்தீர்கள். "சிதைவு ஆற்றல் அதிகம். தாழ்ந்த நிலைகளில் வலிமை குறைவு. இரண்டு பிழையும் ஒன்றையொன்று தின்றுவிட்டன" என்றீர்கள். அறையில் பேச்சு நின்றுபோனது.

சிதைவின் வேகம் ஆற்றலின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது. 10 சதவீதம் தவறினால் விடை 60 சதவீதம் நகரும். அப்படிப்பட்ட இடத்தில் ஒற்றை எண் பொருந்துவது எதையும் நிரூபிக்காது என்றீர்கள். தாமத நியூட்ரான் நிகழ்தகவையும், அதாவது சிதைவுக்குப் பின் ஒரு நியூட்ரான் வெளியேறும் வாய்ப்பையும், கணக்கிடச் சொன்னீர்கள். சேய் அணுக்கருவின் நியூட்ரான் பிரிவாற்றலுக்கு, அதாவது ஒரு நியூட்ரானைப் பிரித்தெடுக்கத் தேவையான ஆற்றலுக்கு, மேலே எவ்வளவு வலிமை விழுகிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். அரை ஆயுளில் ஒளிந்துகொள்ளும் பிழை அதில் ஒளிய முடியாது.

அன்று நான் உங்கள் பக்கம் பேசவில்லை. அது உங்களைக் காயப்படுத்தியிருந்தால் மன்னியுங்கள். ஆனாலும் பேசாததற்கு எனக்குக் காரணம் இருந்தது, இன்றும் அதிலேயே நிற்கிறேன். நியூட்ரான் விண்மீன்கள் மோதும்போது தங்கமும் பிளாட்டினமும் எப்படி உருவாகின்றன என்று கணக்கிடுகிறவர்களுக்கு ஆயிரக்கணக்கான அணுக்கருக்களின் அரை ஆயுள் வேண்டும். அவற்றில் பெரும்பாலானவற்றை எந்த ஆய்வகமும் இன்னும் அளக்கவில்லை. அணுக்கருக்கள் நியூட்ரான்களை விழுங்கிக் கனமாகிக்கொண்டே போகும் ஓட்டம், நியூட்ரான் எண் 50, 82, 126 வரும் இடங்களில் பீட்டா சிதைவுக்காகக் காத்துக் கிடக்கிறது. அங்கே அரை ஆயுள் மாறினால் எது எவ்வளவு குவியும் என்பதே மாறிவிடும். நியூட்ரான்களையும் புரோட்டான்களையும் கூடுகளில் அடுக்கி விரிவாகக் கணக்கிடும் கூடு மாதிரியால் (shell model) அந்தப் பரப்பு முழுவதையும் தொட முடியாது. கியூஆர்பிஏ (QRPA) என்ற தோராயக் கணக்கீடு முரடான முறைதான், ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரு விடை தருகிறது. 2017இல் அப்படியொரு மோதலின் ஒளியையே தொலைநோக்கிகள் பார்த்துவிட்டன. அதைப் புரிந்துகொள்ள முயன்றவர்களிடம் "வலிமை சரியாக வரட்டும், பொறுங்கள்" என்று எப்படிச் சொல்வது?

நீங்கள் துறையை விட்டே போய்விட்டீர்கள். கேள்வியை மட்டும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனீர்கள். அதோடு மல்லுக்கட்டியது நான். ஒரு கடிதம்கூட வரவில்லை, அக்கா.

கோபத்தில் சொல்லிவிட்டேன், அழிக்கப்போவதில்லை. 2019இல் அந்தத் தணிப்புக் காரணி, அதாவது கணக்கிட்ட வலிமையை அளவீட்டோடு பொருத்தக் குறைக்கும் எண், பற்றிய கட்டுரையைப் படித்தபோது முதலில் உங்களைத்தான் நினைத்தேன். நியூக்ளியான்களுக்கு (புரோட்டான், நியூட்ரான்) இடையிலான தொடர்புகளையும், சிதைவில் இரண்டு நியூக்ளியான்கள் சேர்ந்து பங்கேற்கும் இரு-நியூக்ளியான் ஓட்டங்களையும் முறையாகச் சேர்த்துவிட்டால், இலேசான அணுக்கருக்கள் முதல் வெள்ளீயம்-100 வரை, கையால் வைக்கும் 0.75க்குப் பெரும்பாலும் வேலையே இல்லை என்று அதில் காட்டியிருந்தார்கள். எல்லாவற்றையும் 0.75ஆல் பெருக்கிவிட்டு நகர்வதை நீங்கள் ஒருநாளும் ஏற்றதில்லை. என் பிரதிகளின் ஓரத்தில் பென்சிலால் "ஏன்?" என்று எழுதுவீர்களே, அந்தத் தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன்.

இப்போது அட்டவணையில் அரை ஆயுளுக்குப் பக்கத்தில் தாமத நியூட்ரான் நிகழ்தகவும் இருக்கிறது. இரண்டும் அளவீட்டோடு ஒத்துப்போகாத அணுக்கருக்களைத் தனியாகக் குறித்திருக்கிறேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை.

நியூட்ரான் எண் 126க்கு அருகில்தான் எனக்கு நிம்மதி இல்லை. அங்கே முதல்நிலைத் தடைமாற்றங்கள், அதாவது வழக்கமான விதிகளுக்கு ஒவ்வாத, மெதுவான சிதைவு வழிகள், அரை ஆயுளை எவ்வளவு குறைக்கின்றன என்பதில் மாதிரிக்கு மாதிரி பெரிய வேறுபாடு. கோப்பை அனுப்பியிருக்கிறேன், அந்தப் பகுதியை மட்டுமாவது பார்த்துத் தாருங்கள். பெயர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தின் இரண்டாவது பத்தியை யார் சொன்னாலும் எடுக்க மாட்டேன்.