ஆயிரத்துல ஒருத்தன்

ஏல மக்கா,

உன் மெசேஜ் வந்து ரெண்டு மாசம் ஆச்சு, பதில் போடல, கோவப்படாத. அண்ணன் போன அன்னைக்கு நீ போன் பண்ணுனப்ப என்னால பேச முடியல, அதான் இப்ப உக்காந்து மொத்தமா டைப் பண்ணுதேன். அம்மா சரியா சாப்பிட மாட்டேங்காவ, அண்ணி திரும்ப ஸ்கூலுக்கு போக ஆரம்பிச்சிட்டாவ, எனக்கு சுகர் கூடிருக்கு, வேற என்ன.

இன்னும் சர்ச்சுக்கு போறியாலன்னு கேட்டிருந்த. போறேன், ஆனா ரெண்டு வாரம் முன்ன ஆராதனை பாதில எந்திச்சு வெளிய வந்துட்டேன். சாட்சி சொல்ற நேரத்துல ஒருத்தர் ஆக்சிடென்ட்ல தப்புன கதைய சொல்லிட்டு பைபிள்ல 91ஆம் சங்கீதத்த எடுத்தாரு, "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது", எல்லாரும் அல்லேலூயாங்காவ, எனக்கு மட்டும் அப்ப விழுந்த அந்த ஆயிரத்துல ஒருத்தன் எங்க அண்ணன்தானலன்னு தோணிட்டு. அவர் மேல தப்பில்ல, பாவம், உயிர் தப்புன சந்தோசம்.

வீட்டுக்கு வந்து அதே சங்கீதத்த மொதல்ல இருந்து வாசிச்சேன். சண்டே ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணி டிபன் பாக்ஸ் ப்ரைஸ் வாங்குனோமே அதேதான். மத்தேயு 4ல பிசாசு இயேசுவ தேவாலயத்து உப்பரிகைல நிப்பாட்டி கீழ குதின்னு சொல்லும்போது எடுத்து விடுதது இதத்தான், தூதர்கள் கையில ஏந்திக்கிடுவாங்கன்னு. 12ஆம் வசனத்தோட நிறுத்திக்கிடுதான் பாத்தியா, அடுத்தது வலுசர்ப்பத்த மிதிக்கிற வசனம், வலுசர்ப்பம்னா பைபிள்ல அவன்தான, அது அவனுக்கு ஆகாதுல்லா. ஆனா இயேசு குதிக்கல. காப்பாத்துதாரான்னு டெஸ்ட் பண்ணி பாக்கக்கூடாதுன்னு சொல்லிட்டாரு.

அப்புறம் ராத்திரி தூக்கம் வராம அப்போஸ்தலர் 12க்கு போனேன். இயேசுவோட சீஷன் பேதுரு ஜெயில்ல, 16 சேவகர் காவல், ரெண்டு சங்கிலி, அந்த மனுசன் நல்லா தூங்குதாரு, தூதன் விலாவுல தட்டி எழுப்புதான், கதவு தானா திறக்கு. ஜெபம் நடக்கிற வீட்டுக்கு வந்து தட்டுனா ரோதைங்கிற பிள்ள சந்தோசத்துல கதவ திறக்காமலே உள்ள ஓடிட்டு, உள்ள இருந்தவங்க உனக்கு பைத்தியமான்னு கேக்காங்க, எனக்கு எப்பவும் சிரிப்பு வர்ற இடம் அது. ஆனா அதுக்கு முன்ன 2ஆம் வசனம் இருக்குல்லா, இன்னொரு சீஷன், யோவானோட சகோதரன் யாக்கோபை ஏரோது ராஜா பட்டயத்தால கொன்னான்னு, ஒரே ஒரு வரி. பேதுருவுக்கு ஒரு பக்கம், யாக்கோபுக்கு ஒரு வரி. ரெண்டு பேரும் ஒரே கடல்ல வலை போட்டவங்க, இயேசு முகம் சூரியன் மாதிரி பிரகாசிச்ச அந்த மறுரூப மலைக்கு ஒண்ணா ஏறுனவங்க. அந்த ராத்திரி யோவான் அந்த வீட்ல இருந்தானான்னு வசனத்துல இல்ல. இருந்திருந்தா, பேதுரு வாசல்ல வந்து நிக்கும்போது அவன் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு நெனச்சேன். சந்தோசப்பட்டிருப்பான்தான். ஆனா வேற ஒண்ணும் இருந்திருக்கும்லா.

91லயே 10ஆம் வசனம் பொல்லாப்பு நேரிடாதுங்கு, 15ஆம் வசனம் "ஆபத்தில் நானே அவனோடிருந்து"ங்கு. ஆபத்தே வராதுன்னா கூட இருக்கிறது எதுக்கு? ரெண்டையும் எப்படி சேக்கன்னு எனக்கு பிடிபடல மக்கா. ஆனா ஐசியு வாசல்ல 11 நாள் கெடந்தப்ப எனக்கு கொஞ்சமாவது ஒட்டுனது அந்த 15தான்.

இன்னொண்ணு. நியூ இயர் ஆராதனைல வருசத்துக்கு ஒரு வசனம்னு எடுப்போம்லா, அண்ணன் எடுத்த அந்த வாக்குத்தத்த அட்டை இன்னும் ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு, அதுவும் ஆயுசு பத்தின வசனம். எனக்கு அத பாக்கவே முடியல, எடுத்துரட்டுமான்னு அண்ணிட்ட கேட்டேன். அவரு கையால ஒட்டுனது, இருக்கட்டும்னுட்டாவ. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல.

அடுத்த மாசம் சர்ச்சுல எல்லாருக்கும் சாப்பாடு போடுத அசனம் இருக்கு, நீ வாரியா? அண்ணன் இல்லாம பந்தி பரிமாற ஆள் பத்தாது. வரும்போது ஹாஸ்டல் வாசல்ல நாம மூணு பேரும் நிக்கிற போட்டோ உங்கிட்ட இருந்துச்சுல்லா, அத கொண்டு வா, அம்மா கேக்காவ.