தூண் மங்கினால் பொம்மை ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆரியங்காவு வழி போகும் நிஜ ரயிலை, படத்தின் மேலும் கீழும் மங்கலாக்கிப் பொம்மை ரயிலாகக் காட்டும் படங்கள் செங்கோட்டைப் பக்கம் நிறையச் சுற்றுகின்றன. பல படங்கள் ஏமாற்றமே தருகின்றன. குறை, எடுத்த இடத்தில். கழுதுருட்டி 13 கண் ரயில் பாலத்தைக் கீழே சாலையில் நின்று எடுத்துவிட்டு எவ்வளவு மங்கலாக்கினாலும் பயனில்லை. பொம்மையை நாம் மேலிருந்துதானே பார்க்கிறோம்! உயரமான இடத்திலிருந்து, சரிவாகக் கீழ்நோக்கி, நல்ல வெயிலில், வானம் படத்தில் விழாமல் எடுக்க வேண்டும்.

எடிட்டிங்கில் ரயில் இருக்கும் பட்டையை மட்டும், படத்தின் உயரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, தெளிவாக விட்டு, மேலும் கீழும் படிப்படியாக மங்கலாக்குங்கள். பலர் சறுக்குவது தூண்களில்தான். தூணின் உச்சியும் அடியும் கேமராவுக்கு ஏறக்குறைய ஒரே தூரம். உச்சி பளிச்சென்று இருக்க அடி மட்டும் மங்கினால் கண் நம்பாது. மாஸ்க் போட்டு (மங்கல் படக்கூடாத பகுதியைக் குறித்து) தூண்கள் முழுவதையும் மங்கலாகாமல் விடுங்கள். கடைசியாக நிறச்செறிவு (saturation) அளவை 20 அல்லது 30 கூட்டினால், பெட்டிகள் அப்போதுதான் பெயின்ட் அடித்தவை போல மின்னும்.

– புகைப்பட ஆர்வலர்கள், புளியரை