இந்தத் தும்மல் சளி அல்ல

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். கார்த்திகை மழை ஓய்ந்ததிலிருந்து காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தைவிடத் தும்மல்தான் பலமாகக் கேட்கிறது. பல வீடுகளில் தயிரும் வாழைப்பழமும் நின்றுவிட்டதாம். பாவம், அவற்றின் மேல் பழியைப் போட்டு என்ன பயன்?

சளி என்றால் பத்து நாளில் போய்விடும். காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மி, மூக்கு தண்ணீராக ஒழுகி, கண்ணும் மூக்கும் அரித்து, காய்ச்சலே இல்லாமல் வாரக்கணக்கில் இழுத்தால் அது பெரும்பாலும் அலர்ஜி. மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்துக் குறுக்கே கோடு விழுந்த பிள்ளைகளும் உண்டு. இது அடுத்தவருக்கு ஒட்டாது. அது தெரியாத காலத்தில் நானே ஒரு மாணவனைத் தனியாகத் தள்ளி உட்கார வைத்திருக்கிறேன், இன்றும் உறுத்துகிறது.

நம் மதிலையொட்டி வெள்ளையாகப் பூத்திருக்கும் பார்த்தீனியம் ஒரு காரணம். 1950களில் புனே பக்கம் கண்ணில் பட்ட செடி, இன்று நம் ஊர்வரை வந்துவிட்டது. வரும் சனிக்கிழமை கையுறை போட்ட ஆட்களை வைத்து அகற்றுகிறோம். பிள்ளைகளை வெறுங்கையால் பிடுங்க விடாதீர்கள், தோலும் அரிக்கும். வீட்டில் மெத்தை, தலையணையில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சியைக் கவனியுங்கள். விரிப்பையும் உறையையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்தால் நல்லது. கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

அப்புறம் மருந்து. கடையில் கேட்டு வாங்கும் சளி சிரப் பலவற்றில் தூக்கம் வரவழைக்கும் மருந்து இருக்கிறது. இரண்டாம் பாடவேளையிலேயே தலை மேசையில் சாய்ந்துவிடுகிறது. அலர்ஜிக்கு ஆன்டிபயாடிக் கேட்காது. டாக்டர் மூக்கு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தால், ‘ஸ்டீராய்டாமே’ என்று பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவு சிறியது, பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். தலையைச் சற்றுக் குனிய வைத்து, ஸ்ப்ரே நுனியை மூக்கின் நடுத்தண்டின் பக்கம் காட்டாமல் வெளிப்பக்கமாகத் திருப்பி அடியுங்கள். உடனே பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

இரவில் இருமல், நெஞ்சில் விசில் சத்தம், மூச்சு வாங்குதல் இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். இந்த அலர்ஜியும் ஆஸ்துமாவும் பல பிள்ளைகளுக்குச் சேர்ந்தே இருக்கும். இன்ஹேலர் பயன்படுத்தும் பிள்ளை என்றால் டாக்டர் சீட்டின் நகலை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். இன்ஹேலர் பையிலேயே இருக்கட்டும், யாரும் வாங்கி வைக்க மாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்