வன்னியின் மாரிகால ஊர்ச் செய்திகளுக்கு வாரம் அரைப் பக்கம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

புரட்டாசி பிறப்பதற்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. வன்னியில் ஆண்டின் வேலை புரட்டாசியில்தான் தொடங்குகிறது. முதல் மழைக்கு முன்னரே புழுதி உழுது விதைப்பது முதல் கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலில் வாழைக்குற்றி நடுவது வரை, ஏறத்தாழ மூன்று மாதங்கள் அங்குள்ள ஒவ்வோர் ஊரும் கூட்டம், விதைப்பு, விரதம், விழா, சிரமதானம் என்று ஓய்வின்றி இயங்குகிறது. இவற்றுள் மிகச் சிலவே கொழும்பில் அச்சாகும் தமிழ் நாளிதழ்களில் இடம்பெறுகின்றன. இம்மூன்று மாதங்களுக்கேனும் வாரத்தில் ஒரு நாள் அரைப் பக்கத்தை வன்னியின் ஊர்ச் செய்திகளுக்கென்று ஒதுக்குமாறு கேட்டுக்கொள்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகின்றேன்.

முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் செய்திகள் உங்கள் இதழில் வருவதே இல்லை என்று நான் கூறவில்லை. யானை தாக்கி ஒருவர் இறந்தால் அது வருகிறது. வீதி விபத்து, காணிப் பிணக்கு, கைது, ஆர்ப்பாட்டம், வெள்ளம் ஆகியனவும் வருகின்றன. அவை வரவேண்டியவையே, ஒன்றைக்கூடக் குறைக்க வேண்டாம். ஆயினும் அவற்றை மட்டுமே வாசிக்கும் ஒருவருக்கு, ஒரு துன்பத்துக்கும் அடுத்த துன்பத்துக்கும் இடையில் அம்மக்கள் என்ன செய்து வாழ்கிறார்கள் என்பதை அறிய வழியில்லை. யோகபுரம், பாண்டியன்குளம், ஒட்டுசுட்டான், முழங்காவில் போன்ற ஊர்ப் பெயர்கள் நாளிதழ்களில் தவறாது காணப்படும் பகுதி மரண அறிவித்தல் பக்கம் ஒன்றுதான். வன்னியில் ஓர் ஊரைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையையோ கொட்டாஞ்சேனையையோ வதிவிடமாகவும் கொண்டவர் காலமானார் என்னும் அறிவித்தல்களை நான் நாள்தோறும் வாசிக்கிறேன். ஓர் ஊரின் பெயர் அங்கே பிறந்தவர் இறக்கும்போது மட்டுமே அச்சேறுவது எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தருகிறது.

அரைப் பக்கத்தில் போடுவதற்கு அங்கே அப்படி என்ன நடக்கிறது என்று உங்கள் செய்திப் பிரிவினர் கேட்கக்கூடும். முதலில் காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கில் பெரும்போகம் எனப்படுவதே வன்னியில் காலபோகம். ஒவ்வொரு பெரிய குளத்துக்கும் விதைப்புக்கு முன்னர் அரசாங்க அதிபர் அல்லது பிரதேச செயலாளர் தலைமையில் இக்கூட்டம் கூடுகிறது. நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல சேவை நிலையத்தின் உத்தியோகத்தர்கள், விவசாயப் போதனாசிரியர், வங்கியினர், காப்புறுதி அதிகாரிகள் ஆகியோர் ஒருபுறமும் கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகளும் வயற்காரர்களும் மறுபுறமும் அமர்ந்து, குளத்தில் அன்று நிற்கும் நீரைக் கொண்டு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதிக்குள் விதைத்து முடிக்க வேண்டும், மூன்று மாதத்துப் பி.ஜி. 300 போன்ற நெல்லையா மூன்றரை மாதத்துப் பி.ஜி. 352 போன்ற நெல்லையா போடுவது, வாய்க்கால் துப்புரவை யார் எப்போது செய்து முடிப்பது, எந்த நாளுக்குப் பின்னர் வயற்பரப்பில் மாடுகள் நிற்கக் கூடாது என்பவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகப் பேசி முடிவு செய்கிறார்கள். 80 ஹெக்டயருக்குக் குறைவான வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன; அவற்றுக்கும் தனித்தனியே கூட்டம் உண்டு. மக்கள் தங்கள் தண்ணீரைப் பற்றித் தாங்களே கூடியிருந்து முடிவெடுக்கும் இத்தகைய சபை நாட்டின் வேறு எந்தத் துறையிலும் இவ்வளவு ஒழுங்காக ஆண்டுக்கு இருமுறை கூடுவதாக எனக்குத் தோன்றவில்லை.

இக்கூட்டத்தின் முடிவுகள் ஊரில் உள்ளோருக்கு மட்டும் உரியவை அல்ல. வன்னியில் வயலை வைத்துக்கொண்டு கொழும்பில் வாழும் குடும்பங்கள் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் நிறைய உள்ளன. அவர்களின் வயல்களை ஊரில் உள்ளவர்கள் குத்தகைக்குச் செய்கிறார்கள். எங்கள் குடும்பத்துக்கும் வவுனிக்குளத்தின் கீழ் ஒரு துண்டு வயல் உண்டு. பயிர்க் காப்புறுதிக்குப் பதிவு செய்யும் கடைசி நாள், உர மானியத்துக்கான காணி விபரத்தைக் கமநல சேவை நிலையத்தில் கொடுக்க வேண்டிய நாள், கட்டாக்காலி மாடுகள் பிடிக்கப்படும் நாள் ஆகியவற்றைத் தொலைபேசியில் இருவரிடம் கேட்டால் இரண்டு விதமான விடை கிடைக்கிறது. காணிக்காரர் கையொப்பமிட வேண்டிய படிவம் ஒன்று நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால், இழப்பைச் சுமப்பவர் வயலில் இறங்கி வேலை செய்யும் குத்தகைக்காரரே. நாளிதழில் நான்கு வரி இருந்தால் இந்த இடர்ப்பாடு பெருமளவு தீரும்.

புழுதி விதைப்பைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். மானாவாரி நிலத்தில் மழையை நம்பிக் காய்ந்த மண்ணில் நெல்லை எறிந்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் வாரங்கள் எத்தகையவை என்பதைக் கொழும்பில் பிறந்து வளர்ந்த தலைமுறை அறியாது. மழை பத்து நாள் பிந்தினால் முளைத்தது கருகும். ஒரேயடியாகப் பெய்தால் விதை அழுகும். கொழும்பில் குடையோடு போய்வரும் அதே மழைதான் அங்கே ஒரு வீட்டின் ஓர் ஆண்டுச் சோற்றைத் தீர்மானிக்கிறது. எந்தப் பகுதியில் விதைப்பு முடிந்தது, எங்கே இன்னும் மழைக்குக் காத்திருக்கிறார்கள், எந்தக் குளம் வான் பாயத் தொடங்கியிருக்கிறது என்று வாரம் ஒருமுறை வெளிவருமானால், அரிசி விலையைப் பற்றி இங்கே நாம் பேசும் பேச்சும் வேறாக இருக்கும்.

இதே மாதங்களில்தான் ஊர்களின் விழாக்களும் நெருக்கமாக வருகின்றன. நவராத்திரி ஒன்பது நாளும் பாடசாலையிலும் பிரதேச செயலகத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் வாணி விழா நடைபெறும்; விஜயதசமியன்று சிறுவர்களுக்கு ஏடு தொடக்குவார்கள். அன்று தொடங்கும் கேதாரகௌரி விரதம் தீபாவளியை ஒட்டிய அமாவாசையில், 21 நாள் நிறைவில், 21 இழைக் காப்புக் கட்டிக்கொள்வதோடு முடிகிறது. அடுத்த ஆறு நாட்களும் கந்தசஷ்டி. ஆறாம் நாள் சூரன்போர். கத்தோலிக்க ஊர்களில் ஒக்டோபர் முழுவதும் செபமாலை மாதமாகக் கொள்ளப்படுகிறது. மாலையானதும் அயலவர்கள் வீட்டுக்கு வீடு கூடிச் செபம் சொல்கிறார்கள். நவம்பர் 2 ஆம் திகதி ஆத்துமாக்கள் திருநாளுக்காகச் சேமக்காலைகளைத் துப்புரவு செய்து கல்லறைகளில் விளக்கேற்றுகிறார்கள். நவம்பர் இறுதியில் போரில் இழந்தோரை நினைவுகூரும் நாளும் வருகிறது. அதற்கு நாளிதழ்கள் உரிய இடம் கொடுத்து வருவதை நான் மதிக்கிறேன். வடக்கில் அம்மாதமே மரநடுகை மாதமாகவும் இருக்கிறது.

கொழும்பில் இருப்பவர்கள் தங்கள் ஊர்ச் சிரமதானத்துக்கோ சூரன்போருக்கோ போக விரும்பினால், விடுமுறை நாளையும் மாங்குளம் வரையான புகையிரதத்தில் ஆசனத்தையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்ய வேண்டும். விழா முடிந்த பின்னர் வெளிவரும் ஒரு படமும் அதன் கீழ் ஒரு வரியும் அவர்களுக்குப் பயன்படுவதில்லை.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதமும் ஆகும். பிரதேச சபைகளின் பொது நூலகங்களும் சனசமூக நிலையங்களும் தங்களிடம் உள்ள சிறு வசதிகளைக் கொண்டு மாணவர்களுக்கு வாசிப்பு, கட்டுரை, பேச்சுப் போட்டிகளை நடத்துகின்றன. பரிசாகக் கொடுப்பதற்குப் புத்தகம் வாங்கப் பணம் இல்லாத நூலகங்களும் உண்டு. கொழும்பில் வீடு மாறும்போது நல்ல தமிழ்ப் புத்தகங்களைக் கடதாசிக் கடைக்கு நிறுத்துக் கொடுக்கும் குடும்பங்களும் உண்டு. இந்த இரு தரப்பினரையும் இணைக்க ஒரு சிறு அறிவித்தல் போதும். இதனை நான் மிக அக்கறையோடு கேட்கிறேன், ஏனெனில் 2009 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து படிப்படியாக மீள்குடியேறிய ஊர்களில் பல, வீடுகளைக் கட்டிக்கொள்ளும் அவசரத்துக்கு நடுவிலும் தங்கள் சனசமூக நிலையத்தை மீண்டும் திறந்து ஒரு நாளிதழைச் சந்தாவுக்கு எடுத்தன. காலையில் வயலுக்குப் போகும் வழியில் அங்கே நின்று அந்த நாளிதழைப் புரட்டிப் பார்க்கும் முதியவர் கொழும்பு அரசியலை முழுமையாக வாசிக்கிறார். தம்முடைய குளத்தைப் பற்றிய ஒரு வரியும் அதில் இல்லை.

இவையெல்லாம் இப்போது கைத்தொலைபேசியில் வந்துவிடுகின்றனவே என்று சிலர் சொல்வார்கள். வட்ஸ்அப்பில் வருவது உண்மைதான். ஆனால் போன ஆண்டின் கூட்ட அறிவித்தலும் இந்த ஆண்டின் அறிவித்தலும் ஒரே நாளில் வருகின்றன, எது சரியென்று பொறுப்பேற்பார் எவரும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டை உலுக்கியபோது, மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்ட இடங்களில் உறவினர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அறிய முடியாமல் எத்தனையோ வீடுகளில் உறக்கம் இல்லை. அத்தகைய நாட்களில் ஒரு நாளிதழுக்கு ஒவ்வொரு பிரதேசத்திலும் அறிமுகமான ஒரு கமக்காரர் அமைப்புச் செயலாளரும் ஒரு கிராம அலுவலரும் ஒரு பங்குத் தந்தையும் இருந்தால், குளத்தின் நீர்மட்டம் பற்றிய நம்பகமான செய்தி அவர்கள் வழியாகக் கிடைக்கும். அந்த அறிமுகம் புயல் அடிக்கும் நாளில் திடீரென்று உண்டாவதில்லை. வாரந்தோறும் விதைப்பையும் விழாவையும் கேட்டறிந்து எழுதிவந்தால்தான் உண்டாகும்.

வன்னிச் செய்தியை யாழ்ப்பாணத்து நாளிதழ்கள் கவனிக்கும் என்ற எண்ணமும் சிலரிடம் உண்டு. வீரகேசரி 1930 இலும் தினகரன் 1932 இலும் கொழும்பில் தொடங்கின. யாழ்ப்பாணத்திலிருந்து ஈழநாடு வெளிவரத் தொடங்கியது 1959 இல். அதன் பின்னரும், மட்டக்களப்பில் உள்ளவர் வவுனியாவைப் பற்றியும் ஹற்றனில் உள்ளவர் மன்னாரைப் பற்றியும் அறிவதற்குத் தலைநகரில் அச்சாகும் தமிழ் நாளிதழே வழியாக இருந்து வந்திருக்கிறது. இந்தப் பொறுப்பு வேறு எவருக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடியது அன்று. மட்டக்களப்பின் படுவான்கரை ஊர்களுக்கும் மலையகத் தோட்டங்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். நான் அறிந்த நிலத்தைப் பற்றி மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன்.

செலவைப் பற்றியும் சிந்தித்தே கேட்கிறேன். இதற்கெனப் புதிதாக நிருபர்களை நியமிக்க வேண்டியதில்லை. அரைப் பக்கத்தின் மேற்பகுதியில் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரைக்குளம் ஆகியவற்றின் நீர்மட்டத்தையும் அந்த வாரத்துப் பயிர்ச்செய்கைக் கூட்ட முடிவுகளையும் தரலாம். அதன் கீழே அடுத்த இரண்டு வாரங்களில் நடைபெறவுள்ள விழாக்கள், போட்டிகள், சிரமதானங்கள், மருத்துவ முகாம்கள் ஆகியவற்றின் நாளும் இடமும் வந்தால் போதும். மீதியிருக்கும் இடத்தில், ஓர் ஊரைப் பற்றி அந்த ஊரவர் ஒருவரே எழுதும் 200 சொற்களை வெளியிடுங்கள். பாடசாலையின் உயர்தர மாணவர்களிடம் கேட்டால் மிக நன்றாக எழுதித் தருவார்கள். அறிவித்தல்களுக்குக் கட்டணம் வாங்க வேண்டாம். அனுப்புபவர் தம் பொறுப்பையும் ஊரையும் குறிப்பிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனை போதுமானது.

துணுக்காய், மாந்தை கிழக்குப் பிரதேசங்களின் கமக்காரர் அமைப்புகளையும் சனசமூக நிலையங்களையும் தொடர்புகொண்டு, புரட்டாசி முதல் வாரத்திலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் தகவல்களைத் திரட்டி உங்கள் அலுவலகத்தில் நேரில் ஒப்படைக்க நானும் வெள்ளவத்தையில் வாழும் எங்கள் ஊரவர் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம். பக்கத்துக்கு உரிய நாளை நீங்கள் தீர்மானித்து அறிவித்தால், முதலாவது தொகுப்பை அதற்கு மூன்று நாள் முன்னதாகவே தந்துவிடுவோம்.

இங்ஙனம்,
வவுனிக்குளத்து வாசகி
வெள்ளவத்தை, கொழும்பு 6