தடைக்காலத்தில் சென்னை கிளம்பும் கூட்டாளிகளுக்கு: முதலில் ஆள் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; அந்த 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி என்று நம் கரை நெடுகிலும் இளவட்டங்கள் கூட்டாளிகளோடு வெளியூர் கிளம்புவது இந்த நாட்களில்தான். கொச்சி, கொடைக்கானல் என்று பேச்சு தொடங்கினாலும் பெரும்பாலும் சென்னையில் வந்து நிற்கும். டிக்கெட் பதிவு, அறை ஏற்பாடு ஆகிய வேலைகளைச் செய்து தருபவர்கள் நாங்கள். இந்தப் பயணங்கள் எங்கே உடைகின்றன என்பது எங்களுக்குத் தெரியும். சென்னைக்குப் போய் உடைவது குறைவு. "நானும் வரேன் மாப்ள" என்று சொன்னவன் கிளம்புகிற அன்று போனை எடுக்காமல் இருப்பதில்தான் அதிகம் உடைகிறது. அதனால் ஊர் எது, ஓட்டல் எது என்பதெல்லாம் பிறகு. எத்தனை பேர் என்பது முதலில் முடிவாக வேண்டும்.

எங்கள் கணக்கில் ஆறு பேர் சரியான எண்ணிக்கை. இணையத்தில் ஒரு டிக்கெட்டில் ஆறு பெயர் வரைதான் ஏற்றலாம். ஸ்லீப்பர் பெட்டியில் எதிரெதிர் படுக்கைகள் ஆறு. லாட்ஜில் மூன்று பேர் படுக்கும் அறை இரண்டு எடுத்தால் போதும். ஆட்டோ என்றால் இரண்டு, பெரிய வாடகைக் கார் என்றால் ஒன்று. ஏழாவது ஆள் சேர்ந்தால் தனி டிக்கெட், மூன்றாவது அறை, மூன்றாவது ஆட்டோ என்று எல்லாமே ஒன்று கூடும், செலவு மட்டும் ஏழால் சரியாக வகுபடாது. கூட்டம் பெரிதானால் பன்னிரண்டாக்கி, இரண்டு ஆறாகப் பிரித்து, ஆறுக்கு ஒரு பொறுப்பாளர் வையுங்கள்.

ஆள் கணக்கை உறுதி செய்ய ஒரே வழி பணம் வாங்குவது. ஆளுக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆறு பேருக்கு 30,000. ஸ்லீப்பரில் போக வர ஆளுக்கு 1,000 என்று ஒதுக்கினால் 6,000. அறைக்கு நாளொன்றுக்கு 2,000 வீதம் இரண்டு அறை, இரண்டு இரவு: 8,000. சாப்பாடு ஆளுக்கு நாளைக்கு 500, மூன்று நாளைக்கு 9,000. உள்ளூர்ப் போக்குவரத்து ஆளுக்கு நாளைக்கு 150 என்று 2,700. நுழைவுக் கட்டணம், சினிமா 1,800. ஆக 27,500. மீதி 2,500 அவசரத்துக்கு, அதில் யாரும் கை வைக்கக் கூடாது. முதல் தவணையாக 2,000 ரூபாயை டிக்கெட் போடும் முன்பும், மீதி 3,000 ரூபாயை ஏப்ரல் 10-க்குள்ளும் வாங்கிவிட வேண்டும். தடைக்கு முந்தைய கடைசி மீன்பிடிப்பின் பங்குப் பணம் கையில் இருக்கும் நேரம் அது. "நிவாரணம் வந்ததும் தரேன்" என்பவரைச் சேர்க்காதீர்கள். தடைக்காலத்துக்கு அரசு தரும் அந்த 8,000 ரூபாய் குடும்பத்துக்கு வருவது; 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் 5,000 ரூபாயிலிருந்து உயர்த்தி அறிவிக்கப்பட்டது. வருமானமில்லாத இரண்டு மாதத்தை அதை வைத்து ஓட்ட வேண்டிய வீட்டில் அதைச் சென்னையில் செலவழிப்பது அநியாயம். அது வங்கிக்கு வரும் தேதியும் நம் கையில் இல்லை.

பணம் வாங்கும்போதே விலகல் கணக்கையும் பேசி எழுதிவிடுங்கள். விலகுபவரின் பணத்திலிருந்து டிக்கெட் ரத்துக் கட்டணமும் அவருடைய அறைப் பங்கான சுமார் 1,333 ரூபாயும் கழியும், மீதி திரும்பும். அறைப் பங்கை ஏன் கழிக்க வேண்டும் என்றால், ஐந்து பேர் போனாலும் அறை இரண்டுதான். இதை முன்கூட்டிப் பேசாததால் பேச்சுவார்த்தையே அற்றுப்போன கூட்டாளிகள் கரையில் நிறைய.

விலகியவர் டிக்கெட்டில் வேறொரு நண்பரை ஏற்றிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்ற முடியாது. உறுதியான டிக்கெட்டைப் பெற்றோர், உடன்பிறந்தோர், மனைவி, பிள்ளைகள் ஆகியோருக்குத்தான் மாற்றலாம். அதுவும் ரயில் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன் முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஒரே ஒரு முறை. அண்ணனுக்குப் பதில் தம்பி போகலாம், மச்சானுக்குப் பதில் மச்சான் போக முடியாது. பெயரும் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். வீட்டிலும் படகிலும் கூப்பிடும் பெயர் ஒன்று, அட்டையில் இருக்கும் பெயர் வேறொன்று என்பது நம் பக்கம் சர்வசாதாரணம். அட்டையைப் பார்த்து எழுதுங்கள், வாய்மொழியாக வாங்காதீர்கள்.

பதிவு பயண நாளை விட்டு 60 நாள் முன்னதாகத் திறக்கிறது. ஏப்ரல் 21 கிளம்ப வேண்டுமானால் பிப்ரவரி 20 காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். பதிவு திறக்கும் அந்த முதல் நாளில் ஆதார் சரிபார்த்த கணக்கு இல்லாமல் இணையத்தில் பதிவு செய்ய முடியாது, ஆகவே அந்த வேலையை ஒரு வாரம் முன்பே முடியுங்கள். திரும்பும் டிக்கெட்டுக்குத் தனி நாள் உண்டு. ஏப்ரல் 24 இரவு திரும்புவதானால் அது பிப்ரவரி 23 அன்று திறக்கும். போகும் டிக்கெட்டைப் போட்ட மகிழ்ச்சியில் இதை மறந்துவிட்டு, கடைசியில் ஆம்னி பஸ்காரர் சொல்லும் விலையைக் கொடுப்பவர்கள் வருடா வருடம் உண்டு.

பயணத்துக்கு முந்தைய நாள் திறக்கும் தட்கால் பதிவை நம்பிக் குழுப் பயணம் போடாதீர்கள். ஒரு தட்கால் டிக்கெட்டில் நான்கு பெயர்தான் ஏறும், ஆறு பேர் அங்கேயே பிரிந்துவிடுவார்கள். உறுதியான தட்காலை ரத்து செய்தால் பணமும் வராது. ஏசி 10 மணிக்கும் மற்றவை 11 மணிக்கும் திறக்கின்றன. முதல் அரை மணி நேரம் முகவர்களால் எடுக்க முடியாது என்பதால், "ஏஜென்ட் பார்த்துக்குவார்" என்பதும் இப்போது செல்லாது. வெயிட்டிங் லிஸ்ட் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு பேருக்குப் படுக்கை உறுதியாகி நான்கு பேர் காத்திருப்பில் இருந்தாலும் ஆறு பேரும் ஏறலாம், இரண்டு படுக்கையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். ஆறும் காத்திருப்பில் நின்றால் இணைய டிக்கெட் தானாக ரத்தாகிவிடும், அதைக் காட்டிப் பெட்டியில் ஏறவே கூடாது. ஆறு பேரை ஒரே டிக்கெட்டில் போடச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

ஏறும் நிலையம் இன்னொரு சிக்கல். நான்கு பேர் ராமேஸ்வரத்திலும் இரண்டு பேர் ராமநாதபுரத்திலும் ஏறுவதாக இருந்தாலும் ஒரு டிக்கெட்டுக்கு ஒரு ஏறும் இடம்தான். ராமேஸ்வரம் என்று போட்டுவிட்டு, மற்ற இருவர் எங்கே ஏறுகிறார்கள் என்பதைப் பரிசோதகர் வரும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வராதவர் என்று குறித்து அந்தப் படுக்கையை ஆர்ஏசியில் இருப்பவருக்கு, அதாவது இருக்கை மட்டும் கிடைத்துப் படுக்கைக்குக் காத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை. ஆறு பேருமே ராமநாதபுரத்தில்தான் ஏறுகிறார்கள் என்றால் ஏறும் இடத்தையே ராமநாதபுரம் என்று மாற்றிவிடுங்கள்.

தேதி தேர்வில் ஏப்ரல் கடைசி வாரத்துக்குள் போய்வருவதே நல்லது. மே பிறந்தால் பள்ளி விடுமுறைக் கூட்டமும் அக்னி நட்சத்திர வெயிலும் சேர்ந்துகொள்ளும். அதன் பிறகு படகைக் கரையேற்றிச் சுரண்டுவது, பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, மீன்வளத்துறை ஆய்வுக்கு நிறுத்துவது என்று வேலை வந்துவிடும், முதலாளியும் கூப்பிடுவார். வாரத்தில் செவ்வாய் மாலை கிளம்பி வெள்ளி இரவு திரும்புவது உத்தமம். புதன், வியாழன் இரண்டு நாளும் அறை வாடகை மலிவு, கூட்டமும் குறைவு. எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அதை முதல் இரண்டு நாளில் பார்த்துவிடுங்கள். அங்குள்ள சோழர் காலச் செப்புத் திருமேனிகளை அவசரமாகப் பார்க்கக் கூடாது, அரை நாள் வையுங்கள். வண்டலூர் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை, அது இந்தத் திட்டத்தைப் பாதிக்காது. சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டம் இருக்கும் நாளில் திருவல்லிக்கேணிப் பக்கம் அறை தேடாதீர்கள். ஆட்டமே பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், டிக்கெட் கையில் வந்த பிறகு மற்றதைப் போடுங்கள்.

அறை எடுப்பதில்தான் ஆண்கள் கூட்டத்துக்கு அடி விழுகிறது. ஆறு பேரும் ஆண்கள் என்றதும் மறுக்கும் விடுதிகள் உண்டு. செயலியில் பணம் கட்டி, காலை ஏழு மணிக்குப் பையோடு போய் நின்ற பிறகு "பேச்சுலர்ஸுக்குக் கொடுக்கிறதில்லை" என்பார்கள். ஆகவே பணம் கட்டும் முன் விடுதி எண்ணுக்கே போன் போட்டு நான்கு கேள்வி கேளுங்கள். ஆறு ஆண்களுக்குக் கொடுப்பீர்களா? வாடகை 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா? மூன்றாவது ஆளுக்குக் கட்டிலா, தரையில் மெத்தையா, அதற்கு எவ்வளவு? சொன்ன தொகை ஜிஎஸ்டி சேர்த்தா? பதிலை வாட்ஸ்ஆப்பில் எழுதி வாங்குங்கள். இரண்டாவது கேள்வி முக்கியம். நம் ரயில்கள் காலையில் போய்ச் சேர்கின்றன. பகல் 12 மணிக் கணக்கு வைத்திருக்கும் விடுதியில் காலை ஏழுக்கே நுழைந்தால் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை கேட்பார்கள். 24 மணி நேரக் கணக்கு எழும்பூர், திருவல்லிக்கேணி லாட்ஜுகளில் கிடைக்கும். இல்லையென்றால் ரயில் நிலையப் பொருள் பாதுகாப்பு அறையில் பையை வைத்துவிட்டு வெளியே போங்கள். பூட்டு இல்லாத பையை அங்கே வாங்க மாட்டார்கள், டிக்கெட்டையும் காட்ட வேண்டும். அசல் அடையாள அட்டை ஆறு பேருக்கும் தேவை. ஒருவருடையதை வைத்து ஆறு பேர் தங்க முடியாது.

மூன்று பேருக்கு ஒரு குளியலறை என்பதையும் கணக்கில் எடுங்கள். ஆளுக்கு அரை மணி என்றால் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒன்பது மணிக்குக் கிளம்ப ஏழுக்கு எழ வேண்டும்.

செலவில் ஒரு விதி போதும்: பொதுப்பணம் ஒருவரிடம், எழுதும் நோட்டு இன்னொருவரிடம். ஒருவரே இரண்டையும் வைத்திருந்தால், எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் மூன்றாம் நாள் சந்தேகம் வரும். அன்றன்றைய கணக்கை அன்றிரவே வாட்ஸ்ஆப் குழுவில் படமெடுத்துப் போடுங்கள். மது, சிகரெட், துணிமணி எதுவும் பொதுப்பணத்தில் வரக்கூடாது. குடிக்காதவன் பங்கில் குடித்ததுதான் பெரும்பாலான சண்டைக்கு ஆரம்பம்.

சென்னையில் மெட்ரோவும் புறநகர் ரயிலும் இருக்கும் இடத்தில் ஆட்டோ வேண்டாம். எழும்பூரில் இரண்டுமே உண்டு. ஆனால் சில ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடும், மெட்ரோ அங்கே இல்லை. டிக்கெட்டில் கடைசி நிலையத்தைப் படித்துவிட்டு அறை எடுங்கள். பஸ்ஸில் திரும்புபவர்கள் கோயம்பேட்டுக்குப் போகாதீர்கள். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் நிலையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பேருந்துகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. எழும்பூரிலிருந்து அங்கே போக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கடைசியாக மெரினா. இதைக் கெஞ்சிக் கேட்கிறோம். கடலில் பிறந்து வளர்ந்தவனுக்கு மெரினா என்ன பெரிய கடல் என்ற எண்ணம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. நம் வடகடல், அதாவது பாக் விரிகுடா, ஆழமில்லாதது, அலையடங்கியது, இடுப்பளவு நீரில் நெடுந்தூரம் நடக்கலாம். மெரினாவில் நாலைந்து எட்டு வைத்ததும் காலடி மணல் சரிந்து ஆழமாகிறது. உடைந்து வந்த அலைநீர் திரும்பும்போது இழுத்துக்கொண்டு போகிறது. படகிலிருந்து குதித்து நீந்தும் பழக்கம் கரையலையில் நிற்க உதவாது. அங்கே குளிக்கத் தடை இருப்பதும் இதனால்தான். மாலையில் போங்கள், சுண்டல் சாப்பிடுங்கள், பாதத்தை மட்டும் நனைத்துக்கொள்ளுங்கள். தென்கடலான மன்னார் வளைகுடாவில், தனுஷ்கோடி முனையில் இழுப்பைப் பார்த்தவர்களுக்கு நாங்கள் சொல்வது புரியும்.

இந்தக் கடிதம் வழியாகச் சென்னை விடுதி உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்கள் மட்டும் வரும் குழுவுக்கு அறை தருவதில்லை என்பது உங்கள் முடிவாக இருந்தால், முன்பதிவுப் பக்கத்தில் பணம் வாங்கும் இடத்துக்கு மேலேயே தமிழில் தெளிவாக எழுதி வையுங்கள். இரவெல்லாம் பயணம் செய்து வந்தவர்களை வரவேற்பறையில் நிறுத்தி மறுத்தால், கட்டிய தொகை முழுவதையும் அன்றே திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பாம்பன், மண்டபம் வாசகர்கள் சிலர்,
ராமநாதபுரம் மாவட்டம்.