நனைந்த பேட்டரியை "தைரியமா போடுங்க" என்று சொன்ன சர்வீஸ் சென்டர் மீது புகார்

அனுப்புநர்: கல்யாண போட்டோகிராபர், அஸ்தம்பட்டி, சேலம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

வணக்கம். பல வருடங்களாக உங்கள் கேமராவை வைத்துத்தான் தொழில் செய்கிறேன். கேமராவில் எந்தக் குறையும் இல்லை. பேட்டரி விஷயத்தில் உங்கள் சேலம் சர்வீஸ் சென்டர் சொன்ன பதில்தான் என்னை எழுத வைத்தது.

ஏற்காடு பகோடா பாயிண்ட்டில் அவுட்டோர் ஷூட்டின்போது மழை பிடித்துக்கொண்டது. பையின் பக்கவாட்டு அறையில் தண்ணீர் தேங்கி, ஸ்பேர் பேட்டரி அதில் ஊறிவிட்டது. சார்ஜ் போடாமல் நேராக உங்கள் சென்டருக்குக் கொண்டுவந்து, "இதைப் போடலாமா?" என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த தம்பி துணியால் துடைத்துச் சார்ஜரில் செருகினார். விளக்கு எரிந்தது. "சார்ஜ் ஏறுதுங்கண்ணா, தைரியமா போடுங்க" என்றார். அவ்வளவுதான் பரிசோதனை.

அப்புறம் வீட்டில் சார்ஜ் போட்டபோது, கை வைக்க முடியாத சூடு. உடனே பிளக்கைப் பிடுங்கினேன். தட்டையாக இருந்த பக்கம் உப்பியிருந்தது. பிளாஸ்டிக் மூட்டு ஓரத்தில் பிளந்து, நெயில் பாலிஷ் ரிமூவர் போல ஒரு வாடை. சார்ஜரைத் தொடும் உலோகத் தகடுகளின் விளிம்பில் பச்சை பூத்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் என் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

7.2 வோல்ட் பேட்டரிக்குள் இரண்டு லித்தியம் அயன் செல்களும், சார்ஜ் அளவு மீறாமலும் ஷார்ட் ஆகாமலும் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன சர்க்யூட் போர்டும் இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தண்ணீர் அந்த போர்டு வரை போய்விட்டால், வெளியே காய்ந்த பிறகும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். காவல் காக்க வேண்டிய போர்டே கெட்டால், பேட்டரி எப்போது சூடேறும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு செல் தன் சூட்டிலேயே மேலும் சூடாகும் நிலைக்குப் போனால், பிளக்கைப் பிடுங்கினாலும் நிற்காது. விளக்கு எரிவதை வைத்து எப்படி நல்ல பேட்டரி என்று சொல்ல முடியும்? அரிசி டப்பாவில் போட்டு வை என்று ஊரில் யாராவது சொன்னால் அது அறியாமை. உங்கள் கவுன்டரிலிருந்து வந்தால் அது உத்தரவாதம். நம்பித்தானே போட்டேன்?

மறுபடி வந்தபோது, "தண்ணி பட்டதுக்கு வாரண்டி இல்லைங்க" என்றார்கள். நான் வாரண்டி கேட்கவே இல்லை. திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்டேன். "குப்பையில போட்டுடுங்க" என்று பதில். பேட்டரி மேலேயே குப்பைத்தொட்டிக்குக் குறுக்குக்கோடு போட்ட படம் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல்தான் வைக்கின்றன. மாநகராட்சி வண்டியில் அது நசுங்கித் தீப்பிடித்தால், சிக்குவது அங்கே வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்.

இப்போது அது தகடுகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட இரும்பு வாளியில் மொட்டைமாடியில் கிடக்கிறது. ஆள் அனுப்பி அதை முறையாக எடுத்துச் செல்லுங்கள். நனைந்த பேட்டரியைச் சார்ஜ் போட்டுப் பார்க்கக் கூடாது, வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எல்லா சென்டர்களுக்கும் எழுத்தில் உத்தரவு போட்டு, அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். இதே பதிலை வாங்கிப் போனவர்கள் வேறு யாராவது இருந்தால், முதலில் அவர்களுக்குப் போன் செய்யுங்கள். ஏற்காட்டு மழையில் நனையாத போட்டோகிராபர் சேலத்தில் இல்லை.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பேட்டரியின் படங்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்